கதவில் ஒரு பெருக்கல் குறி

நான்தான் கதவைச் சாத்தினவள்.
வியாசர்பாடி, எட்டாவது சந்து,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு.
பையனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு
"ஊருக்குப் போயிருக்கான்" என்றேன்.
அடியிலிருந்து தும்மினான்.

பிலோமினா ஒன்றும் கேட்கவில்லை.
நீலப் பெட்டியை இடுப்பு மாற்றிக்கொண்டு
கதவில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.
"நாளைக்கு வரேன்."

வந்தாள். மறுநாளும்.
லாரி வந்த அன்று
என் குடத்தையும் வரிசையில் நகர்த்தி வைத்தாள்.
ஐந்தாம் நாள் பேய்மழை,
குறி கரைந்து வழிந்துவிட்டது.
தொலைந்தாள் என்றிருந்தேன்.

ஆறாம் நாள் தண்ணீர் கேட்டாள்.
குடித்த சொம்பை மடியில் வைத்தபடி
வாசற்படியிலேயே கண்ணயர்ந்தாள்.
பையன் தானே ஊர்ந்து வந்து
பெட்டியைத் தட்டி, "உள்ள ஐஸா?" என்றான்.
"ஆமா, ஆ காட்டு" என்றாள்
கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல்.
இரண்டு சொட்டு. அவ்வளவுதான்.

கடற்கரைச் சாலையில் எத்தனையோ சிலைகள்.
வராமலே போன நோய்க்கு
எந்தக் கல்லில் எதைச் செதுக்குவது?
எங்கள் சந்தில் எழுபத்திரண்டு கதவுகள்,
எதன் பின்னாலும் ஊன்றுகோல் சாய்ந்திருக்கவில்லை.

கொடுங்கையூரில் இருக்கிறாளாம் இப்போது.
தினக்கூலிக் கணக்கில் வைத்திருந்தார்களாம்,
பென்ஷன் கிடையாது.

பையன் இடது ஓரத்தில் ஆடுகிறான்.
சாயங்காலமானால் பந்து வந்து கதவில் மோதும்.
சேற்று வட்டம்,
அவள் கை எட்டிய அதே உயரத்தில்.
வாய் ஓயாமல் திட்டுகிறேன்.
துடைக்கத்தான் மனசு வருவதில்லை.