கடைசி நான்கு

பன்னிரண்டு இலக்கம் எனக்கு.
முதல் ஆறு, நான் பிறந்த நாள்.
அடுத்த இரண்டு, பூஜ்யம் ஏழு, பினாங்கு.
பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மழை என்பது
அதில் இல்லை.
மிச்சம் நான்கைப் பிறகு சொல்கிறேன்.

ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு பார்த்திருந்தேன்,
பதினான்காவது மாடி.
ஜன்னலைத் திறந்தால் சீனர் கோயில் விளக்கு தெரியும்
என்றார் தரகர்.
முன்பணம் சேர்க்க ஒன்பது வருஷம்.
வங்கியில் மிஸ் ஊய் திரையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள், மறுபடி திரையை.
"ஆறு மாசமாக மோட்டார் தவணை கட்டவில்லையே, காக்."

எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது.

மங்களேஸ்வரி த/பெ ரெங்கசாமி என்பவள்
சுங்கைப் பட்டாணியில் ஒரு மோட்டார் எடுத்திருக்கிறாள்,
இரண்டு கைப்பேசி,
ஐம்பத்தைந்து அங்குல டிவி.
கையெழுத்தைக் காட்டினார்கள்.
என்னுடையதைவிட அழகு.
வாலை நீட்டி, கீழே ஒரு புள்ளி வைத்து,
பள்ளிக்கூடத்தில் நான் போட ஆசைப்பட்ட மாதிரி.

ஜெலுத்தோங் பலாயில் கான்ஸ்டபிள் கேட்டார்,
நிச்சயமாக நீங்கள் இல்லையா?
அந்தத் தேதியில்
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
எண்ணூறு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன், ஐயா.
விரிப்புகள் வந்து சாட்சி சொல்லுமா?

பதிவிலாகாவில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள்.
கருவி ஏற்கவில்லை.
துடைத்து வைத்தேன்.
நெற்றியில் தேய்த்து, எண்ணெய்ப் பசையோடு வைத்தேன்.
பதினெட்டு வருஷத்துக் குளோரின்
ரேகையைத் தின்றிருந்தது.
ஒரு நகல் தாளை நம்பி டிவி கொடுத்தார்கள்.
விரலோடு வந்தவளை
மறுபடி வைங்க, மறுபடி வைங்க என்றார்கள்.

கொம்தார் பக்கம், காப்பிக்கடை மாடியில்
சத்தியப் பிரமாண ஆணையர்.
"அந்தக் கடனை வாங்கியவள் நான் அல்ல."
கையெழுத்திட்டேன்.
முத்திரையை ஊதிக் குத்தினார்.
பிறகு
அடையாள அட்டை நகல் ஒன்று கொடுங்கள் என்றார்.

எங்கே கழன்று விழுந்தேன்
என்று இரவில் யோசிப்பேன்.
பேரங்காடியில் ரைஸ் குக்கர் குலுக்கல் சீட்டா?
சிம் கார்டு கடைப் பையன்
அட்டையை உள்ளே எடுத்துப்போய்
டீ ஆறும் நேரம் கழித்துத் தந்தானே, அதுவா?
வாடகை அறைக்கு, கூட்டுறவுக்கு, டியூஷனுக்கு,
கேட்டவர்களுக்கெல்லாம்
தாம்பூலம் மாதிரிக் கொடுத்திருக்கிறேன்.
ரைஸ் குக்கரும் விழவில்லை.

பதினொரு மாசம்.
நீலக் கோப்பு தடித்தது, லீவு தீர்ந்தது.
பதினான்காவது மாடி வேறு யாருக்கோ போயிற்று.
ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது:
மேற்கண்ட கடன் தங்களுடையது அல்ல.
மன்னிப்பு என்ற சொல்லைத் தேடித்
தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெள்ளை.

அவளைப் பிடிக்கவில்லை.
அவளா, அவனா, அதுவும் தெரியாது.
மோட்டார் என்ன நிறம் என்று மட்டும் கேட்டு வைத்தேன்.
மஞ்சளாம்.
பட்டர்வொர்த் ஃபெரியில் மஞ்சள் மோட்டார் கண்டால்
இன்னமும் ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்க்கிறேன்,
என் முகம் இருக்கிறதா என்று.

இப்போது நகல் கொடுத்தால்
குறுக்கே இரண்டு கோடு கிழித்து
நடுவில் எழுதுகிறேன்:
மின்சாரக் கணக்குக்கு மட்டும். தேதி.
ஒரு கோடு என் படத்தின் கழுத்து மேல் போகிறது.
கவுண்டர்ப் பெண் முகம் சுளிக்கிறாள்.
சுளிக்கட்டும்.

போன வாரம் ஒரு பாசக்குரல்
போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைப் படிக்கச் சொன்னது.
சோறு பொங்குது என்று வைத்துவிட்டேன்.

பழைய கடவுச்சொல் மகனின் பெயர்.
மாற்றியதில் அவனுக்கு வருத்தம்.
இப்போ யார் பேரும்மா?
யார் பேரும் இல்லைடா.

மிச்சம் நான்கைச் சொல்வதாகச் சொன்னேன்.
கடைசி இலக்கம் இரட்டைப்படை,
பெண் என்று அர்த்தம்.

அவ்வளவுதான் சொல்வேன்.