இரண்டாம் கூடு

எழுவை என்று முதல் எழுதியது நான்.
ஊர்காவற்றுறைக் கந்தோரில்,
தகரக் கூரையில் மாரி மழை அடித்துக்கொண்டிருந்த
ஒரு புதன்கிழமை.

முதலாம் கூடு: பிறந்த திகதியும் இடமும்.
திகதியை நான் எழுத்தில் எழுதுகிறவன்,
இலக்கத்தில் போட்டால் பிறகு எவனாவது திருத்துவான்.
கார்த்திகை மாதம் பத்தொன்பதாம் நாள் என்று
எழுதி முடியக் கூடும் முடிந்துவிட்டது.
இடம் கோட்டைத் தாண்டி இரண்டாம் கூட்டுக்குள் வழிந்தது.
எழுவை வரைக்கும் வந்தேன்.
தீவு எழுதப் பேனையில் மை இல்லை.

உதறினேன். பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.
வேறு பேனை எடுத்து
நேரே மூன்றாம் கூட்டுக்குப் போய்விட்டேன்.
பால்.
அதைச் சரியாகத்தான் எழுதினேன்,
என்னவென்று இங்கே சொல்லப்போவதில்லை.

அலோசியஸ் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு
எழுத்துக் கூட்டி வாசித்தான். "எ-ழு-வை."
கொன்சலா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.
"நாங்கள் இன்னும் பேர் சொல்லேல்லையே ஐயா?"
நான் தலை நிமிரவில்லை.
களவெடுத்தவனின் கவனத்தோடு
முத்திரையை மைப்பெட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
"வடிவாத்தான் கிடக்கு," என்றாள் அவள்.
"லோஞ்சுக்கு நேரமாகுது, கையெழுத்தைப் போடுங்கோ."

பெயர் இப்படித்தான் கரையேறியது.

அடுத்த வருடம் அனலைதீவில் ஒன்று.
நாரந்தனையில் இரட்டையர்,
மூத்தது எழுவை, இளையது டிலக்சன்.
பிறகு வேலணை, அல்லைப்பிட்டி,
பண்ணைப் பாலம் தாண்டிப் பட்டணம்.
கொக்குவில் சாத்திரியார் கார்த்திகை நாலாம் பாதத்துக்கு
எகரத்தில் புதிதாக வேறொன்றும் அகப்படாமல்
வந்தவர்களுக்கெல்லாம் அதையே எழுதிக் கொடுத்தார்.
ஸ்காபரோவில் ஐந்தாம், "எலுவை" என்கிறார்களாம்.
நாங்கள் மட்டும் என்ன, எளுவை என்றுதானே கூப்பிடுகிறோம்.

ஆணுக்கும் வைத்தார்கள், பெண்ணுக்கும் வைத்தார்கள்.
மெய்வல்லுநர் போட்டியில் ஒருமுறை
பெண்கள் நூறு மீற்றருக்கு
ஒலிபெருக்கி ஒரு பெடியனைக் கூப்பிட்டது.
அவனும் போய் நின்றான்.

பரிசளிப்பு விழாவில் தமிழாசிரியர் விளக்கினார்:
எழுவை என்றால் 'நீ எழுவாய்', பழைய வினைமுற்று.
கைதட்டல்.
பின்வரிசையில் நானும் தட்டினேன்.

செல்லில் ஒரு மகனைக் கொடுத்தவள்
பத்து வருடம் கழித்துப் பெற்ற பிள்ளையோடு
என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தாள்.
"எழுவை என்று போடுங்கோ," என்றாள்.
"அந்தப் பேருக்கு ஒரு அர்த்தம் இருக்காம்."
ஓம் அம்மா, இருக்கு, என்றேன்.
மை தீர்ந்த கதையை
அவளுக்கா சொல்லுவது?

போன கிழமை முதலாவது எழுவை வந்தது.
பதினாறு வயது, அடையாள அட்டை எடுக்க வேண்டும்.
"பிறந்த இடம் இல்லை என்று
திருப்பி அனுப்பிட்டினம் ஐயா."

பழைய இடாப்பை இறக்கினேன்.
ஓரம் முழுக்கச் செல்லரித்திருந்தது.
முதலாம் கூட்டில் நாள் மட்டும் இருந்தது.
பிள்ளை குனிந்து பார்த்தது,
கோட்டில் ஏறி நிற்கும் எகரத்தை,
வெளிறி வெளிறிப் போய்
வால் முடியாத வையை.
நல்ல கெட்டிக்காரப் பிள்ளை.

"அப்ப இது என்ர பேரில்லை, என்ன?"

இடம்தான், என்றேன். மேலே வந்திருக்க வேணும்.
என் தொண்டை எனக்கே கேட்கவில்லை.

இறங்குதுறையில் லோஞ்ச் ஒருமுறை ஊதியது.
பிள்ளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டது.
"தீவை மட்டும் மேல போடுங்கோ ஐயா.
மிச்சத்தை நான் வச்சிருக்கிறன்."

எழுத முதல் இந்தமுறை
பேனையை உள்ளங்கையில் கீறிப் பார்த்தேன்.