கண்டறியப்படவில்லை

களியக்காவிளை சோதனைச்சாவடிக்கு எதிரே
பெயிண்ட் கடை மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம்.
ஜன்னலைத் திறந்தால்
ரேஷன் அரிசி லாரியை மடக்கும் விசில்.

தெர்மோகோல் பெட்டியில் ஒரு குப்பி வந்தது.
ஒரே பாறையில் பறித்த சிப்பி,
ஒன்றாய் அரைத்துப் பன்னிரண்டாய்ப் பங்கிட்டு
பன்னிரண்டு கூடங்களுக்குப் போயிருக்கிறது,
மங்களூருக்கு, கொச்சிக்கு, தூத்துக்குடிக்கு,
மற்றது எங்கெங்கோ.
எங்கள் குப்பிக்குப் பெயரில்லை. ஏழு.
கிலோவுக்கு எத்தனை மைக்ரோகிராம் நஞ்சு,
சொல், என்கிறது கூட வந்த தாள்.
சரியான விடை அனுப்பியவரிடமும் இல்லையாம்.
பன்னிரண்டு பேரும் சொன்னபிறகு
கூட்டம் எங்கே நிற்கிறதோ
அதுதான் விடை.

அமிலத்தில் கொதிக்கவிட்டேன். ஆறவிட்டேன்.
சுழலியில் சுற்றி, மேலே தெளிந்ததை எடுத்து
இரவெல்லாம் கருவியில் ஓடவிட்டேன்.
விடியலில் திரையில் ஒரு மேடு,
மேடு என்றுகூடச் சொல்ல முடியாது,
படுத்த நாய் மூச்சு விட்ட மாதிரி.
நானூற்றுப் பத்து.
எண்ணூறு தாண்டினால்தான் விற்கத் தடை.

எவாஞ்சலின் போன் அடித்தாள், தூத்துக்குடியிலிருந்து,
எம்.எஸ்ஸி.யில் என் பக்கத்து மேசை.
'உனக்கு எவ்வளவுடீ வந்துச்சு?'
கேட்கக் கூடாது. சொல்லவும் கூடாது.
'நீ சொல்லு முதல்ல' என்றேன்.
'தொள்ளாயிரத்து முப்பது.'
அதற்கப்புறம் நாங்கள்
அவள் மகளின் பல்வலியைப் பற்றிப் பேசினோம்.

படிவத்தில் கட்டம் காலியாக இருந்தது.
தொள்ளாயிரம் என்று போடலாம்.
எண்ணூற்று எழுபத்து மூன்று இன்னும் இயல்பு,
பொய்க்குக் கொஞ்சம் பிசிறு வேண்டும்.
கீழே லாரிக்காரன்
தார்ப்பாயை அவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தான்.
நானூற்றுப் பத்து என்றே எழுதினேன்.
நேர்மை என்று நினைக்க வேண்டாம்.
எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

மாசியில் நீரோடி பெர்க்மான்ஸ் வந்திருந்தான்,
ஒரு வாளிச் சிப்பியும்
நகம் பிளந்த பெருவிரலுமாக.
'தின்னா சுண்டுல எறும்பு அரிக்க மாதிரி இருக்கு மேடம்.
பொழியூர்க்காரனுக்கும் அப்படித்தான்.
அவன் அங்க குடுத்திருக்கான், நான் இங்க.'
ஒரே பாறை. இரண்டு மாநிலம்.
அன்று திரை தட்டையாகக் கிடந்தது.
'கண்டறியப்படவில்லை' என்று அடித்து
முத்திரை குத்திக் கொடுத்தேன்.
அங்கே என்ன வந்தது என்று
நான் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து வரைபடம் வந்தது.
பதினொரு புள்ளிகள்
எண்ணூற்று எண்பதைச் சுற்றிக் கொத்தாக,
கல்லைப் பிடித்த சிப்பி போல நெருங்கி.
ஏழு மட்டும் கீழே.
கழித்தல் மூன்று புள்ளி மூன்று.
பக்கத்தில் 'திருப்தி இல்லை' என்று,
பள்ளிக்கூட நோட்டில் போல.

அமிலமானியைக் கழுவிப் புதுக் கரைசலில் முக்கினேன்.
நான்கு காட்ட வேண்டியது இரண்டரை காட்டியது.
புளிக்காததைப் புளிப்பென்று
அது சொல்ல, நான் நம்ப,
போதாத அமிலத்தில் கொதித்துக் கொதித்து
நஞ்சு செத்திருக்கிறது.
சிப்பிக்குள் சாகவில்லை.
என் பாத்திரத்தில்தான் செத்தது.

மாசியிலும் இப்படித்தான் காட்டியிருக்குமா?
தெரியாது.
கண்டறியப்படவில்லை. யாரால்?
அந்த வாக்கியத்துக்கு ஆள் வேண்டாம்,
அடியில் கையெழுத்துக்கு மட்டும் வேண்டும்.

நாற்பத்தொரு அறிக்கை இருக்கிறது பழைய கோப்பில்.
முதலாவதில் அந்தச் சொல்லை அடித்து
'நான் காணவில்லை' என்று எழுதினேன்.
கட்டத்தில் இடமில்லை, ஓரத்தில்.

பிறகு நீரோடிக்குப் போன் போட்டேன்.
அவன் கடலில். எடுத்தது மனைவி.
உதடு எப்படி இருக்கிறது என்று கேட்குமுன்
அவளே சொன்னாள்:
'மேடம் சீட்டு தந்தபிறகு நல்ல வெலை மேடம்.
இன்னைக்கும் அதே பாறைக்குத்தான் போயிருக்கு.'