மைனஸ் பதிமூன்று புள்ளி ஆறு

இருட்டறை வாசலில் கறுப்புத் துணி, இரண்டு மடிப்பு.
ஒன்று பழைய குடையிலிருந்து கிழித்தது.
மூன்றரை மணிக்கு அதன் ஓட்டை வழியே
சேலத்து வெயில் ஊசிபோல் உள்ளே வரும்.
கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நிற்பேன்,
பதினோரு வருஷமாக.

யோகலட்சுமி சிவப்பு வடிகட்டியைச் செருகினாள்.
முள் அசையவில்லை.
விளக்கைக் கிட்டே நகர்த்தினாள்.
இன்னும் கிட்டே. கண்ணாடி சுட்டது.
"மேடம், மீட்டர் செத்துப்போச்சு."

சாகவில்லை.
குழாய்க்குள் பூசியிருக்கும் சீசியம்
ஓர் எலக்ட்ரானை விட்டுத்தரக் கேட்பது
இரண்டு புள்ளி ஒன்று.
சிவப்பின் மடியில் ஒன்று புள்ளி ஒன்பதுதான்.
ஆயிரம் பேராக வந்து நின்றாலும்
ஆளுக்கு ஒன்று புள்ளி ஒன்பதுதான்.
இங்கே சேர்த்துப் போட்டுக் கொடுக்கிற வழக்கம் இல்லை.

நீலத்தைப் போடு என்றேன்.
விளக்கை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளு.
வெளிச்சம் இருக்கிறதா என்றே சந்தேகம்.
முள் ஒரு கோடு நகர்ந்தது.
ஒரே கோடு.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த மேசையில் ஹைட்ரஜன்.
ஐயாயிரம் வோல்ட், தொடாதே.
பென்சில் தடிமன் குழாயில்
பன்னீர்சோடா நிறத்தில் ஒரு நடுக்கம்.
தொலைநோக்கியில் கண்ணை வைத்தால் அந்த நிறம் இல்லை:
சிவப்பாய் ஒரு கோடு,
நீலப்பச்சையாய் ஒன்று,
கண் பழகினபின் ஊதாவாய் ஒன்று.
"நடுவுல?"
நடுவில் இருட்டு.
"கொஞ்சங்கூட இல்லையா?"
அங்கே நிற்க இடமில்லை.

பலகையில் படிகள் வரைந்தேன்.
அடிப்படி மைனஸ் பதிமூன்று புள்ளி ஆறு,
அதற்குமேல் மைனஸ் மூன்று புள்ளி நான்கு,
அப்புறம் மைனஸ் ஒன்றரை,
மேலே போகப் போக நெருக்கிக்கொண்டு
பூஜ்ஜியம் வரைக்கும்.
பூஜ்ஜியம் என்றால் விடுதலை.

"ஏன் மேடம் எல்லாமே மைனஸ்?"
நான் வாய் திறப்பதற்குள்
ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டாள்: கடன்.

அவள் அப்பாவுக்கு சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை.
முதலாளி கட்டியாய் வெள்ளி தருவார்,
கொலுசாய்த் திருப்பவேண்டும்.
எடை குறைந்தது நோட்டில் ஏறும்.
"எங்க நோட்டும் மைனஸ்லதான் மேடம் இருக்கு."

பரீட்சையில் இதை எழுதாதே என்றேன்.
அதோடு, எலக்ட்ரானுக்கு அடிப்படியில் வருத்தமில்லை,
அதுதான் அதன் வீடு.
தூக்கி மேலே விட்டாலும்
கண்ணிமைக்குமுன் விழும்,
வாங்கினதை வெளிச்சமாய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு.
"அதுக்கு நோட்டு கிடையாதுல்ல" என்றாள்.

பிளாங்க் மாறிலி அவளுக்கு வந்தது ஆறு புள்ளி ஒன்று.
புத்தகத்தில் ஆறு புள்ளி ஆறு.
அழிப்பானை எடுத்தாள்.
பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
ஆறு புள்ளி ஒன்று நீ கண்டது, இருக்கட்டும்.
பிழைக்கான காரணங்கள் என்று தலைப்புப் போட்டு எழுது:
வோல்ட் மீட்டரின் வயது.
குடைத்துணி ஓட்டை.
நடுவில் கொட்டாவிவிட்ட மேடத்தின் கட்டைவிரல்.
மூன்றையும் எழுதினாள், சிரிக்காமல்.

ஐந்தே முக்கால் ஏற்காடு பஸ்.
வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகை, இருபதில் ஒன்று, இருபதில் இரண்டு.
பத்து வருஷமாக இதைத்தான் வகுப்பில் உதாரணம் சொல்கிறேன்:
படி, படியாக; நடுவில் நிற்க முடியாது.
இன்று பதிமூன்று தாண்டி, பதினாலு வருமுன்
பஸ் நின்றுவிட்டது.
மேலே சில்வர் ஓக் ஏற்றிய லாரிக்கு அச்சு முறிந்ததாம்.
கண்டக்டர் கல் தேடி இறங்கினார்.
ஒரு குரங்கு பக்கத்து சீட்டுக்காரரின் முறுக்கைத்
தூக்கிக்கொண்டு போனது.

நானும் இறங்கினேன்.
எண் இல்லாத இடம்.
ஈரப் பாறை, மூங்கில், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.
ஹைட்ரஜனுக்கு இது வாய்க்காது.

கீழே ஊர் எரிய ஆரம்பித்திருந்தது,
ஜங்ஷன் பக்கம் வெள்ளை, பைபாஸ் முழுக்க மஞ்சள்.
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிற சுடர்
இத்தனை உயரத்துக்குத் தெரியாது.
பைக்குள் அழிப்பான் கையில் தட்டுப்பட்டது.
நாளைக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.