இரண்டு குமிழ்

கூரியர் உறைக்குள்
உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீலப் பலகை.
தூக்கிப் பார்த்தார் மாதேசன்.
"இதுவா ஐம்பது வாட்டு?
பர்கூர் சந்தையில
வெங்காயமே இதைவிடக் கனமா இருக்குது."

கனம் இல்லைதான்.
டி கிளாஸ் பாட்டை அப்படியே சுமப்பதில்லை.
நொடிக்கு நாலு லட்சம் முறை
திற மூடு திற மூடு என்று
பொடிப்பொடியாய் நறுக்கிவிடும்.
வெளியேறும் வழியில் நிற்கும் செம்புச் சுருள்கள்
நறுக்கியதைக் கூட்டிப்
பாட்டாக்கி அனுப்பும்.
எனக்கே நம்பிக்கை வரவில்லை.
ஓசூர் கம்பெனியில் ஏழு வருஷமாய்
பலகைகளை லென்ஸில் பார்ப்பவள் நான்.
நல்லது, நல்லது, கழிவு, நல்லது.
ஒன்றுகூட எதற்கென்று யாரும் சொன்னதில்லை.

முதல் பலகையை நான்தான் கொன்றேன்.
இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பு ஒயரையும்
ஒன்றாய் முறுக்கி எர்த்தில் கோத்தேன்,
பழைய ஆம்ப்ளிபயரில் அப்படித்தானே என்று.
இதில் கறுப்புக்கும் உயிர் உண்டாம்.
சின்னதாய் ஒரு டப்.
நானூற்று எண்பது ரூபாய் நாற்றம்
வீட்டை விட்டுப் போக இரண்டு நாள்.
"என்ன ஆச்சு" என்றார்.
நான் அவருக்கு இடப்பக்கம் நின்று சொன்னேன்.
தலையாட்டினார்,
கேட்டவர் மாதிரி.

கல் அறுக்கும் ரம்பம்
அவருக்கு எப்போதும் இடப்பக்கம்.
பதினோரு வருஷம்.
பஞ்சு வைத்தால் மேஸ்திரி கூப்பிடுவது கேட்காதென்று
பஞ்சு வைக்காமல் விட்ட காது.
இப்போது மேஸ்திரி
வலப்பக்கமாய்ச் சுற்றி வந்துதான் திட்டுகிறார்.

அதனால் இரண்டாம் முறை
ஒற்றைப் பலகையாய் இரண்டு வாங்கினேன்.
இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று,
தனித்தனிக் குமிழ்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெட்டி காற்று மாதிரி இருந்தது.
ஸ்பீக்கர் ஒயரின் முறுக்கே
மேசையிலிருந்து அதை இழுத்துத் தள்ளியது.
மறுநாள் டிவிஎஸ்ஸில் ஒரு கல் வந்தது.
முகம் தெரியும் கறுப்பு மெருகு.
எந்தத் தேசத்துக் கல்லறைக்கோ போகவேண்டியது,
பெயரில் ஓர் எழுத்து பிசகிக் கழிவானது.
தண்ணீர் ஊற்றி ஊற்றி
அவரே எட்டுத் துளை போட்டார்.
ஒரு நூல் தப்பவில்லை.
பெயரைக் கீழே திருப்பினோம்.
யாரென்று தெரியாது,
ஆனாலும் ரப்பர் கால் ஒட்டும்போது
எழுத்தை விட்டு விலக்கியே ஒட்டினேன்.

போட்டதும் உறுமல்.
"சுத்தமா இருக்குதே" என்றார் அவர்.
உறுமியது இடது ஸ்பீக்கர்.
மூன்று ஞாயிற்றுக்கிழமை.
கடைசியில்
எல்லா எர்த் ஒயரும் ஒரே திருகில் சேர்ந்தபோது
நின்றது. அவ்வளவு அமைதி,
சாலையில் போகும் கிரானைட் லாரிகளை எண்ணலாம்.

அவர் ஒவ்வொரு நாளும் போனில் கேட்கும் பாட்டு.
இரண்டு குமிழும் பத்து மணியில்.
பிறகு இடதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாய்
ஒரு மணிக்குத் திருப்பினேன்.
சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர்
ஒரு கை உள்ளே இருக்க நின்றுவிட்டார்.
"இதுல கஞ்சிரா இருக்குதா?"
"இருக்குது."
"எப்ப இருந்து?"

அவருக்கு நேரான பாட்டு
எனக்குச் சாய்ந்து கிடந்தது.
தள்ளிப்போய் வலது ஸ்பீக்கரை ஒட்டி
அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன்.
அங்கே எனக்கும் அது நடுவில் வந்தது.

இடக் குமிழில் இரண்டு புள்ளி இட்டிருக்கிறேன்,
நகப்பாலிஷில்.
பத்து மணி என்னுடையது.
விடிகாலை நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ்.
கிளம்பும்போது அவர் புள்ளியில் விட்டுப் போகிறேன்.

நேற்று ராத்திரி இடப்பக்கச் சுவரை
வீட்டுக்கார முனிரத்தினம் தட்டினார்.
மூன்று தரம்.
மாதேசன் திரும்பவில்லை.
தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.
கேட்கவில்லையா, கேட்டும்தானா,
தெரியவில்லை.
நானும் எழுந்து குறைக்கவில்லை.