புள்ளி ஒன்று

கோட்டைமுனையில், பல் வைத்தியருக்கு மேல்மாடி.
கடன் சங்கத்தின் சேவர் ஒரே ஒரு பெட்டி.
மாரிக்குப் பயந்து
அதன் கீழே இரண்டு செங்கல் வைத்திருக்கிறோம்.

அதற்குள் மூன்று சேவர்களை உண்டாக்கினேன்.
கணக்கு, அங்கத்தவர், வெளியார் வந்துபோகும் முகப்பு.
தனித்தனி வீடென்றே நினைத்துக்கொண்டன
ஒரே விசிறியின் காற்றில்.

பாலம் இரண்டு போட்டேன்.
கட்டளை ஒரு வரிதான், லினக்ஸ் அதையும் பாலம் என்கிறது.
கல்லடியில் மாதிரி இரும்பில்லை, கீழே வாவியில்லை.
பத்து புள்ளி பத்து புள்ளி ஒன்றில் முகப்பும் அங்கத்தவரும்.
பத்து புள்ளி பத்து புள்ளி இரண்டில்
கணக்கு மட்டும்.
இருநூற்றைம்பத்தைந்தை மூன்று தரம் எழுதிக்
கடைசியில் ஒரு பூச்சியம்: சப்நெட் மாஸ்க்.
அயலான் யார் பிறத்தியான் யாரென்று
முகத்தைப் பார்ப்பதில்லை,
முகமூடியைப் பார்த்துத்தான் தீர்மானம்.

ஹஸ்மியா சிரிக்கவில்லை.
நான் ஆரையம்பதியில் ஏறும் பஸ்ஸில்
அவள் காத்தான்குடியில் ஏறுகிறவள்.
எந்த மதிலோடு எந்த ஊர் முடியுதென்று
பலகை இல்லாமலே இருவருக்கும் தெரியும்.
"நம்மட ரெண்டு ஊருக்கும் ஆருகா மாஸ்க் போட்ட?"

மறுகா, அங்கத்தவரிலிருந்து கணக்கைக் கூப்பிட்டேன்.
பிங். பிங்.
நூறு வீதம் இழப்பு.
முகவரி சரி. வாசல் சரி, புள்ளி ஒன்று.
கேபிளில் பழி போட அங்கே கேபிளே இல்லை.
கடைசி பஸ்ஸும் போயிற்று.

அவள்தான் கண்டாள்.
வாசலில் நிற்கிறவன் வாங்குகிறான்,
தன்னுடையதில்லை என்று பார்க்கிறான்,
கீழே போடுகிறான்.
மற்றப் பக்கம் கடத்திவிடு என்று
ஒருத்தரும் அவனுக்குச் சொல்லவில்லை.
ஐபி ஃபார்வர்டிங் பூச்சியம்.

அழித்து, ஒன்று.

அறுபத்துநான்கு பைட், புள்ளி மூன்று மில்லிசெக்கன்.
பெட்டியை விட்டு அங்குலமும் நகராமல்
ஊர்விட்டு ஊர் போய் வந்தது.
ஆயுள் அறுபத்துநான்கு, இப்போது அறுபத்துமூன்று.
எல்லை தாண்டிய செலவு அவ்வளவே.

"முகப்பிலயிருந்து கணக்குக்கு வழி விடாத" என்றாள்.
அதை அடைத்தோம்.
எல்லா வாசலையும் திறந்துவைக்க
இது ஆட்களின் காசு.

அப்போது கரண்ட் போனது.
யூபிஎஸ் இரண்டு தரம் கீச்சிட்டுப் படுத்தது.
திரும்பி வந்தபோது பாலம் இருந்தது, முகவரி இருந்தது,
அந்த ஒன்று மட்டும்
பழையபடி பூச்சியம்.
கோப்பில் எழுதாததை யந்திரம் நினைவில் வைக்காது.

எழுதினோம். இரண்டு பேரும் ஒருமுறை வாசித்துப் பார்த்தோம்.
கீழே அவள் நானாவின் ஆட்டோ ஹோர்ன் அடித்தது.
அவள் முதலில் இறங்குவாள்.
நான் இன்னும் கொஞ்சம் தூரம்.