பால் டின் அளவு

டாக்டர் நோர்ஹயாத்தி திட்டுவார் என்றுதான்
துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அவர் கேட்டது இவ்வளவுதான்:
"எந்தக் கொடி? நாளைக்குக் கொண்டு வாங்க."

கூலிம் போகிற சாலையில், ஆலைக்குப் பின்னால்
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் எடைக்கு நிற்கும் இடத்தில்
முள்கம்பி வேலி முழுக்க அதுதான்.
சீந்தில் என்று காட்டியவள்
பசார் மாலாமில் அப்பம் சுடும் ஜெகதாம்பாள்.
டெங்கி விட்டும் அவள் மகனுக்கு
வாய் ருசி திரும்பாமல் கிடந்தது.
மூன்று நாள் குடித்தான். நாலாம் நாள்
கருவாடு கேட்டு அழுதான்.
நானே பார்த்தேன். அது பொய்யில்லை.

என் வீட்டுக்காரர் அருணகிரிக்கு
நான் மூன்று நாளில் நிறுத்தவில்லை.

கட்டைவிரல் கனத்தில் ஒரு சாண் தண்டு,
நசுக்கிப் போட்டு
பால் டின்னால் இரண்டு டின் தண்ணீர்
ஒன்றாகச் சுண்டும்வரை.
தீபாவளி போனது, தைப்பூசம் போனது,
ஒரு காலைகூட விட்டதில்லை.
சளி இல்லை, மெடிக்கல் லீவு இல்லை.
பார்த்தீர்களா என்று
தெரு முழுக்கச் சொன்னவள் நான்.

மாசியில் அவர் கண்ணின் வெள்ளை
பழைய சட்டைக் காலர் நிறத்துக்கு வந்தது.
சிறுநீர் தே-ஓ.
அப்போதும் நான்
இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சினேன்.

இந்த வரியை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனதை
டாக்டர் பிரித்து, விரலால் தடவினார்.
"முண்டு முண்டாக இருக்கே, இது பத்தாவாலி.
நீங்க சொல்றது இதன் தங்கை.
அக்காவோ தங்கையோ,
சிலருக்கு ஹாத்தியில்தான் கை வைக்கும்."
மலாயில் ஈரலுக்கும் மனசுக்கும்
அந்த ஒரே சொல்தான்.
யாருடையது என்று கேட்க வாய் வரவில்லை.

உடம்புக்குள் ஒரு ஜாகா இருக்கிறானாம்.
தினம் தட்டி எழுப்பினால், சிலர் உடம்பில் மட்டும்,
திருடனே வராத இரவிலும்
வீட்டுக்காரனையே அடிப்பானாம்.
யார் உடம்பில் என்று முன்கூட்டித் தெரியாதாம்.
இனிப்புநீர் மாத்திரையோடு சேர்ந்தால்
சர்க்கரை ஒரேயடியாக இறங்கவும் கூடுமாம்.

"முதல்லயே ஏன் சொல்லல?"
மருந்து என்ன சாப்பிடுறார் என்றுதானே கேட்டீர்கள்.
வேலியில் இருந்தது மருந்தா, டாக்டர்?

அவர் சிரிக்கவில்லை.
எத்தனை டின், எத்தனை மாதம்
எல்லாவற்றையும் கார்டில் எழுதிக்கொண்டார்.

கஷாயத்தை நிறுத்தினேன்.
ரத்தப் பரிசோதனைத் தாளில்
ஆயிரத்து நூற்று நாற்பது, பிறகு முந்நூறு,
ஒன்பதாவது வாரம் ஐம்பத்தெட்டு.
"காலையில வாய் என்னமோ மாதிரி இருக்கு"
என்கிறார் இவர்.
கசப்பைத் தேடுகிறார், பாவி மனுசன்.

மிச்சத் தண்டைத் துணிக்கொடியில் தொங்கவிட்டு
மறந்தே போனேன்.
மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை.
நூல் மாதிரி ஒரு வேரை
தரையைப் பார்த்து இறக்கியிருக்கிறது.
சாகாமூலி என்றும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு பெயர்.

நேற்று ஜெகதாம்பாள் ஒரு துண்டு கேட்டு வந்தாள்.
யாருக்கு, என்ன வியாதி,
வேறென்ன மாத்திரை, எத்தனை நாளைக்கு
என்று நான் ஆரம்பித்ததும்
இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்:
"ஏண்டி, நம்பர் எடுத்துட்டு வரணுமா?"